அடி வாங்கினவள் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை



சேமிப்பு, உள்கடன், வங்கிக்கடன், தவணை, தீர்மானம். இதெல்லாம் நம் குழுக் கூட்டங்களில் வாராவாரம் பேசுகிற விஷயங்கள். ஆனால் கூட்டத்துக்கு வந்த ஒரு உறுப்பினர் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தபடி உட்கார்ந்திருந்தால், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்கிறோமா? கேட்டாலும், "வாசப்படி இடிச்சிடுச்சு" என்று அவர் சொன்னதும் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். வாசப்படி இடிக்கவில்லை என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

இந்த இதழில் நாம் பேசப் போவது அதைப் பற்றித்தான். வீட்டுக்குள் நடக்கும் அடி, உதை, ஏச்சு, பட்டினி போடுதல், வீட்டை விட்டுத் துரத்துதல் ஆகியவற்றைத் தடுக்க 2005-ல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டம் எப்படி வந்தது, அதை எப்படிப் பயன்படுத்துவது, நம் குழுவும் கூட்டமைப்பும் என்ன செய்யலாம் என்று வரிசையாகப் பார்ப்போம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

இது எத்தனை வீட்டுக் கதை?

"எங்க ஊர்ல அப்படியெல்லாம் இல்லீங்க" என்று சொல்பவர்கள் உண்டு. மத்திய அரசு நடத்தும் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019-21) வீட்டுக்கு வீடு போய், பெண்களைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். திருமணமான பெண்களில், கணவனிடம் அடியோ பாலியல் கொடுமையோ அனுபவித்ததாகச் சொன்னவர்கள் இந்தியா முழுவதும் நூற்றுக்கு 29 பேர். நம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38 பேர். படிப்பிலும் வேலையிலும் சுயஉதவிக் குழுக்களிலும் முன்னால் நிற்கிற மாநிலம் என்று பெருமைப்படுகிறோம். இதிலும் நாடு முழுவதற்குமான கணக்கைவிட மேலே நிற்கிறோம்.

இன்னொரு கணக்கும் அதில் இருக்கிறது. கொடுமையை அனுபவித்த பெண்களில், யாரிடமாவது உதவி கேட்டவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு சுமார் 14 பேர்தான். மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அல்லது சொல்ல ஆளில்லாமல் இருந்தார்கள்.

இருபது பேர் கொண்ட நம் குழுவை நினைத்துப் பாருங்கள். இந்தக் கணக்குப்படி ஏழெட்டுப் பேர் அதில் இருக்கலாம். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் நாம் சந்தா வசூலிக்கிறோம்.

சட்டம் சும்மா வந்துவிடவில்லை

பெண்களுக்காக ஒரு சட்டம் வந்தால், அரசாங்கம் தானாக மனமிரங்கிக் கொடுத்தது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னாலும் தெருவில் இறங்கிய பெண்கள் இருக்கிறார்கள். மூன்று போராட்டங்களை மட்டும் இங்கே சொல்கிறோம்.

முதலாவது, ஒரு கடிதம். 1972-ல் மகாராஷ்டிர மாநிலத்தில் ஒரு இளம் பழங்குடிப் பெண், விசாரணைக்கு என்று போன இடத்தில், காவல் நிலையத்துக்குள்ளேயே போலீஸ்காரர்களால் பாலியல் வன்முறைக்கு ஆளானார். இது 'மதுரா வழக்கு' என்று பெயர் பெற்றது. கீழ்க்கோர்ட்டு விடுதலை செய்தது, உயர்நீதிமன்றம் தண்டித்தது, 1978-ல் உச்சநீதிமன்றம் மறுபடியும் விடுதலை செய்தது. உடம்பில் காயம் இல்லை, ஆகவே அவள் எதிர்க்கவில்லை என்பது தீர்ப்பின் போக்கு. காவல் நிலையக் கதவைச் சாத்தின பிறகு ஒரு ஏழைப் பெண் எப்படி எதிர்க்க முடியும்?

1979-ல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதத்தைப் பெண்கள் அமைப்புகள் கையில் எடுத்தன. 1980 மார்ச் 8 மகளிர் தினத்தன்று பல நகரங்களில் ஊர்வலம் போனார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண்ணைக் கெடுத்தால் கடுமையான தண்டனை என்று வந்தது. அப்படிப்பட்ட வழக்கில் "நான் சம்மதிக்கவில்லை" என்று பெண் சொன்னால் அதை நீதிமன்றம் ஏற்றுத்தான் தொடங்க வேண்டும் என்றும் வந்தது. பாதிக்கப்பட்டவர் பெயரை வெளியிடக் கூடாது என்ற விதியும் அப்போது வந்ததுதான்.

இரண்டாவது, தாய்மார்கள். 1970-களின் கடைசியில் டில்லியில் புதுப்பெண்கள் 'ஸ்டவ் வெடித்து' செத்துக்கொண்டே இருந்தார்கள். புடவையில் தீப்பிடித்தது, விபத்து என்று எழுதி போலீஸ் கணக்கை முடித்துவிடும். "இது விபத்து இல்லை, கொலை" என்று பெண்கள் அமைப்புகள் இறந்தவர்களின் மாமியார் வீட்டு வாசலிலேயே போய் நின்று குரல் கொடுத்தன. வரதட்சணைக் கொடுமையில் பெற்ற மகளைப் பறிகொடுத்த சத்யராணி சத்தா, ஷாஜஹான் ஆபா என்ற இரண்டு தாய்மார்கள் கோர்ட்டுக்கும் தெருவுக்கும் அலைந்தார்கள். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். வலி ஒன்று. பின்னாளில் இருவரும் சேர்ந்து, துரத்தப்பட்ட பெண்கள் தங்குவதற்காக 'சக்தி ஷாலினி' என்ற அமைப்பை உருவாக்கினார்கள்.

இந்தப் போராட்டங்களால் 1983-ல் கணவனோ அவன் வீட்டாரோ செய்யும் கொடுமை தனிக் குற்றமானது. அதுதான் 498-ஏ. திருமணமாகி 7 வருடத்துக்குள் வரதட்சணைக் கொடுமையால் பெண் இறந்தால் 'வரதட்சணை மரணம்' என்ற பிரிவு 1986-ல் வந்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் கணவன் வீட்டுக் கொடுமை 85-வது பிரிவு, வரதட்சணை மரணம் 80-வது பிரிவு. நம்பர் மாறியிருக்கிறது, குற்றம் குற்றம்தான்.

மூன்றாவது, நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள். நம் ஊர்களில் அறிவொளி இயக்கம் நடந்தது நினைவிருக்கும். அதே சமயத்தில் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்திலும் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பாடப் புத்தகத்தில் சாராயத்தால் சீரழிந்த குடும்பத்தைப் பற்றியும், பெண்கள் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது பற்றியும் பாடங்கள் இருந்தன. இராத்திரி வகுப்பில் அதைப் படித்த பெண்கள், "இது நம்ம கதை ஆச்சே" என்று பேச ஆரம்பித்தார்கள். தூபகுண்டா என்ற கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். ரோசம்மா என்ற பெண்மணியின் பெயர் ஊரெல்லாம் பரவியது. 1992-ல் மாவட்டம் முழுக்கப் பெண்கள் திரண்டு சாராய ஏலத்தையே நடக்கவிடாமல் தடுத்தார்கள். 1993 அக்டோபரில் ஆந்திரா முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-ல் முழு மதுவிலக்கு வந்தது. 1997-ல் அது தளர்த்தப்பட்டுவிட்டது உண்மை. ஆனால் அந்தப் பெண்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடவில்லை. சாராயத்துக்குப் போன காசு இனி நமக்கு என்று தினம் ஒரு ரூபாய் சேமிக்க ஆரம்பித்தார்கள். 'பொதுபுலட்சுமி' என்ற அந்தச் சேமிப்புக் குழுக்கள்தான் ஆந்திராவில் மகளிர் குழு இயக்கத்துக்கு அடித்தளங்களில் ஒன்று.

சேமிப்புக் குழுவும் அடிக்கு எதிரான போராட்டமும் வேறு வேறு அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

அப்புறம் ஏன் இன்னொரு சட்டம்?

498-ஏ வந்த பிறகும் ஒரு பெரிய குறை இருந்தது. அடிபட்ட பெண்ணுக்கு முன்னால் மூன்றே வழிகள்தான். ஒன்று, பொறுத்துக்கொண்டு கிட. இரண்டு, போலீசில் புகார் கொடுத்து கிரிமினல் வழக்கு நடத்து. மூன்று, விவாகரத்து வாங்கிக்கொண்டு போ.

பெரும்பாலான பெண்கள் கேட்டது இது மூன்றும் இல்லை. "அவரை ஜெயில்ல போடச் சொல்லலீங்க, என்னை அடிக்காம இருக்கச் சொல்லுங்க. பிள்ளைங்களோட அந்த வீட்டுல நான் இருக்கணும். சாப்பாட்டுக்குக் காசு குடுக்கச் சொல்லுங்க." இந்த எளிய கோரிக்கைக்கு உடனடி வழி சொல்லும் சட்டம் இல்லை.

1990-களில் இந்திரா ஜெய்சிங் முதலிய வக்கீல்கள் 'லாயர்ஸ் கலெக்டிவ்' என்ற அமைப்பின் மூலம் ஒரு வரைவுச் சட்டத்தை எழுதி, பெண்கள் அமைப்புகளோடு கலந்து பேசினார்கள். 2002-ல் அரசாங்கம் தன் பங்குக்கு ஒரு மசோதா கொண்டுவந்தது. அதில் 'வழக்கமாக' அடித்தால்தான் வன்முறை என்று இருந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை அடித்தால் கணக்கில் வராதாம்! தன்னையோ தன் சொத்தையோ காப்பாற்றிக்கொள்ள அடித்தேன் என்று ஆண் தப்பிக்கவும் அதில் இடம் இருந்தது. பெண் அந்த வீட்டிலேயே தங்கியிருக்கும் உரிமை பற்றித் தெளிவாக ஒன்றும் இல்லை. நாடு முழுவதும் பெண்கள் அமைப்புகள் "இந்தச் சட்டம் எங்களுக்கு வேண்டாம்" என்று எதிர்த்தன. நாடாளுமன்றக் குழு முன் போய்ப் பேசின.

கடைசியில் 2005-ல் 'குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம்' நிறைவேறியது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த மசோதாவை அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் நமக்குக் கிடைத்திருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

எது வன்முறை? நான்கு வகை.

1. உடல் வன்முறை: அடி, உதை, தள்ளுதல், சூடு வைத்தல், கழுத்தை நெரித்தல்.

2. பாலியல் வன்முறை: மனைவிக்கு விருப்பமில்லாதபோது கட்டாயப்படுத்துவதும் இதில் அடங்கும். வயது வந்த மனைவி விஷயத்தில் கணவன் மேல் பாலியல் பலாத்கார வழக்கு போட நம் தண்டனைச் சட்டத்தில் இன்னும் இடமில்லை. ஆனால் இந்தச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு கேட்கலாம்.

3. சொல்லாலும் மனதாலும் செய்யும் வன்முறை: குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று குத்திப் பேசுவது, பிறர் முன் கேவலப்படுத்துவது, பெற்றோரை அடிப்பேன், பிள்ளையைத் தூக்கிப் போய்விடுவேன் என்று மிரட்டுவது.

4. பொருளாதார வன்முறை: சாப்பாட்டுக்கு, மருந்துக்குக் காசு தராமல் இருப்பது, நகையைப் பிடுங்கி அடகு வைப்பது, கூலியைப் பறித்துக்கொள்வது, சொத்தை அவளுக்குத் தெரியாமல் விற்பது.

நான்காவதை மறுபடி படியுங்கள். குழுவில் கடன் அவள் பேரில், பணம் அவன் கையில் என்றால் என்ன? "குழுவுல லோன் எடுத்துத் தா, இல்லாட்டி இந்த வீட்டுல இடமில்லை" என்று அடித்துக் கையெழுத்து வாங்கினால் என்ன? அது சட்டத்தின் பார்வையில் வன்முறை. தவணை கட்ட முடியாமல் அவள் தவிக்கும்போது, குழுவும் அவள் வாசலில் போய் நின்று சத்தம் போட்டால், வீட்டுக்குள் ஒரு அடி, வெளியே ஒரு அடி. இதை எந்தக் குழுவும் செய்யக் கூடாது.

யார் கேட்கலாம்? மனைவி மட்டும் அல்ல. ஒரே வீட்டில் உறவாக வாழும், வாழ்ந்த எந்தப் பெண்ணும் கேட்கலாம். மகன் அடிக்கும் தாய், அண்ணன் துரத்தும் தங்கை, கணவன் இறந்த பின் மச்சினன் வெளியே தள்ளும் விதவை, தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்ந்த பெண், எல்லோருக்கும் உரிமை உண்டு. முதலில் வயது வந்த ஆண்கள் மீதுதான் புகார் தர முடியும் என்று இருந்தது. 2016-ல் உச்சநீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. இப்போது கொடுமை செய்யும் பெண்கள் மீதும் புகார் தரலாம்.

என்னென்ன கிடைக்கும்? மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஐந்து விதமான உத்தரவு கேட்கலாம்.

பாதுகாப்பு உத்தரவு: அடிக்காதே, வேலை செய்யும் இடத்துக்கு வந்து தகராறு செய்யாதே, போனில் மிரட்டாதே என்ற உத்தரவு.

குடியிருப்பு உத்தரவு: வீடு யார் பேரில் இருந்தாலும், சேர்ந்து குடியிருந்த வீட்டிலிருந்து சட்டப்படி அல்லாமல் அவளை வெளியேற்றக் கூடாது. தேவையானால் அவனை வீட்டை விட்டு வெளியே இருக்கச் சொல்லலாம், அல்லது அவளுக்கு வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்கச் சொல்லலாம். வீடு மாமனார், மாமியார் பேரில் இருந்தாலும் மருமகள் குடியிருப்பு உரிமை கேட்கலாம் என்று 2020-ல் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. போட்டுக்கொண்டு வந்த நகை, சீர் சாமான்களைத் திரும்பக் கொடுக்கவும் உத்தரவு வாங்கலாம்.

பண உத்தரவு: அவளுக்கும் பிள்ளைகளுக்கும் செலவுக்கு, வைத்தியத்துக்கு.

பிள்ளைகள் தற்காலிகமாக அவளிடம் இருக்க உத்தரவு.

நஷ்ட ஈடு: உடம்பும் மனசும் பட்ட வேதனைக்கு.

அவசரம் என்றால் எதிராளி வருவதற்கு முன்னாலேயே இடைக்கால உத்தரவு போட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. பாதுகாப்பு உத்தரவு வந்த பிறகு அதை மீறினால்தான் ஜெயில்: ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"புகார் குடுத்தா வாழ்க்கை போயிடுமே" என்று பயப்படும் சகோதரிகளுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தில் புகார் கொடுத்ததும் கணவனைக் கைது செய்ய மாட்டார்கள். தாலியை அறுக்கச் சொல்வதும் இல்லை. திருந்துவதற்கு அவனுக்கு வாய்ப்பும் இருக்கிறது. அடிக்காமல் இரு என்பதுதான் உத்தரவு. கொலைவெறியோடு தாக்கினால், காயம் பெரிதானால், வரதட்சணை கேட்டுக் கொடுமை செய்தால் அது வேறு விஷயம். அப்போது போலீசில் கிரிமினல் வழக்கும் போடலாம், இதையும் கேட்கலாம். ஒன்று போட்டால் மற்றொன்று போடக் கூடாது என்று இல்லை.

யாரிடம் போவது?

181: பெண்கள் உதவி எண். இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம்.

112: உயிருக்கு ஆபத்து என்றால் உடனே போலீஸ்.

பாதுகாப்பு அலுவலர்: மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருப்பார். நடந்ததைக் கேட்டு 'குடும்ப நிகழ்வு அறிக்கை' தயார் செய்து கோர்ட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. அவருக்குப் பணம் எதுவும் தர வேண்டாம்.

ஒருங்கிணைந்த சேவை மையம் (சகி): மாவட்டங்களில் இருக்கிறது. ஆலோசனை, வைத்தியம், போலீஸ், வக்கீல் உதவி எல்லாம் ஒரே இடத்தில். சில நாட்கள் தங்கவும் இடம் கொடுப்பார்கள்.

அனைத்து மகளிர் காவல் நிலையம்: நம் மாநிலத்தில் 1992 முதல் இருக்கிறது. புகார் மனு கொடுத்தால் மனு ரசீது (சி.எஸ்.ஆர்.) கேட்டு வாங்குங்கள். "போய்ட்டு நாளைக்கு வா" என்று வாயால் சொன்னால் போதாது.

இலவச வக்கீல்: வட்ட சட்டப்பணிகள் குழு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பணக்காரியோ ஏழையோ இலவசம்தான். தொலைபேசி எண் 15100.

அரசு ஆஸ்பத்திரி: காயம் என்றால் முதலில் வைத்தியம். டாக்டரிடம் "விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். யார், எதால் அடித்தது என்று சொல்லி ஏ.ஆர். புத்தகத்தில் எழுத வையுங்கள். நாளைக்கு அதுதான் சாட்சி.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட பெண், தான் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் கோர்ட்டிலேயே மனு கொடுக்கலாம். புருஷன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. மனு கொடுத்து சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கத்தான் இழுக்கிறது. மாசக்கணக்காக வாய்தா வாங்கிக்கொண்டே போகும் வழக்குகளும் உண்டு. அதனால்தான் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேட்கும்படி வக்கீலிடம் சொல்ல வேண்டும். அதனால்தான் அந்தப் பெண் தனியாகப் போகக் கூடாது, கூட இரண்டு பேர் போக வேண்டும்.

குழு என்ன செய்யலாம்?

சட்டத்தின் 4-வது பிரிவை எல்லா ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வன்முறை நடக்கிறது, அல்லது நடக்கப் போகிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது எந்த வழக்கும் வராது. "அடுத்த வீட்டு விஷயத்துல தலையிட உனக்கு என்ன உரிமை?" என்று கேட்டால், சட்டமே கொடுத்த உரிமை என்று சொல்லுங்கள்.

இதைச் செய்யுங்கள்:

முதலில் நம்புங்கள். "நீ என்ன பண்ணின?" என்று கேட்காதீர்கள். "இப்ப உனக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள்.

அவர் சொல்வதை வெளியே சொல்லாதீர்கள். தீர்மான நோட்டில் அவர் பெயரை எழுத வேண்டாம். அந்த நோட்டை வங்கிக்காரர் பார்ப்பார், தணிக்கைக்குப் போகும், பல வீட்டுக்குப் போகும். தேதி, நடந்தது எல்லாம் எழுதி வைக்க வேண்டியதுதான். ஆனால் அவர் சம்மதத்தோடு தனி நோட்டில், பத்திரமான இடத்தில்.

அவசரத்துக்கு ஒரு பை தயாராக இருக்கட்டும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணப் பத்திரிகை அல்லது போட்டோ, மருத்துவச் சீட்டு இவற்றின் நகலை நம்பிக்கையான ஒரு உறுப்பினர் வீட்டில் வைக்கலாம். பஸ் செலவுக்குக் கொஞ்சம் பணமும்.

அவசர உள்கடன் கொடுங்கள். அவர் கையிலேயே கொடுங்கள். கூட்டத்துக்கு வரவில்லை, தவணை தவறியது என்று இந்த நேரத்தில் குழுவிலிருந்து நீக்காதீர்கள். அவருக்கு வெளியே போவதற்கு இருக்கும் ஒரே காரணம் குழுக் கூட்டமாக இருக்கலாம்.

மறுபடி போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள். புகார் கொடுத்த பெண் மனசு மாறிப் புருஷனோடு போய்விடுவார். பிள்ளைகள், காசு, ஊர்ப் பேச்சு, பயம், பாசம் என்று ஆயிரம் காரணம். "உனக்காக வந்தோம், எங்களைக் கேவலப்படுத்திட்ட" என்று சொல்லிவிட்டால், அடுத்த முறை அவர் வரமாட்டார். அடுத்த முறைதான் ஆபத்தான முறையாக இருக்கும்.

இதைச் செய்யாதீர்கள்:

கட்டப்பஞ்சாயத்து வேண்டாம். பத்து ஆம்பளைகள் முன்னால் அவளை நிற்க வைத்து, "ரெண்டு பேர் மேலயும் தப்பு, விட்டுக் குடுத்துப் போங்க" என்று சொல்வது சமாதானம் இல்லை. அடித்தவனுக்குக் கொடுக்கிற அனுமதி.

நாம் கூட்டமாகப் போய் அவனை அடிக்கவும் வேண்டாம். அன்று இரவு கதவைச் சாத்தின பிறகு உள்ளே இருப்பது அவள்தான்.

குடியை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள். குடித்துவிட்டு வீட்டுக்கு வருபவன் வழியில் போலீஸ்காரரை அடிப்பதில்லை, முதலாளியை அடிப்பதில்லை. பெண்டாட்டியைத்தான் அடிக்கிறான். குடிக்காதவனும் அடிக்கிறான். குடிக்கு வைத்தியம் வேண்டும்தான். அதற்காக அடிக்கு மன்னிப்பு இல்லை.

கூட்டமைப்பு என்ன செய்யலாம்?

சங்கமாகப் பதிவு பெற்ற கூட்டமைப்புகள், பெண்களின் உரிமைப் பாதுகாப்பு தங்கள் நோக்கத்தில் இருந்தால், இந்தச் சட்டத்தின் 10-வது பிரிவின்படி 'சேவை வழங்குவோர்' என்று அரசிடம் பதிவு செய்யலாம். பதிவு செய்தால், பெண்ணின் விருப்பத்தோடு அறிக்கையை நாமே எழுதிப் பாதுகாப்பு அலுவலருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் அனுப்பலாம், மருத்துவப் பரிசோதனைக்கும் தங்குமிடத்துக்கும் ஏற்பாடு செய்யலாம்.

இது முடியாத காரியம் இல்லை. குஜராத்தில் 1990-களில் மகிளா சமாக்யா திட்டத்துக் கிராமப் பெண்கள் 'நாரி அதாலத்' என்று பெண்களே உட்கார்ந்து வழக்குக் கேட்கும் சபை நடத்தினார்கள். அதிகம் படிக்காதவர்கள்தான். சட்டத்தைக் காதால் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். கேரளத்தில் நம்மைப் போன்ற குடும்பஸ்ரீ குழுக்கள் 2013-ல் 'ஸ்நேகிதா' என்ற உதவி மையத்தைத் தொடங்கின. இப்போது 14 மாவட்டங்களிலும் இருக்கிறது. இரவில் கதவைத் தட்டினாலும் திறக்கிற இடம் அது. கடன் கணக்கு எழுதத் தெரிந்த கைக்கு இதுவும் கைவரும்.

பெண்ணுக்குப் பெண் சொல்வது

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை, அதனால் சொன்னார்கள். "கல்லானாலும் கணவன்" என்று சொல்லித்தான் நம்மையும் அனுப்பி வைத்தார்கள். நம் மகளையும் அதையே சொல்லி அனுப்பப் போகிறோமா? "அடிச்சா வந்துடு, வாசல் திறந்திருக்கு" என்று கல்யாணத்தன்றே சொல்லி அனுப்புவோம். நம் மகனிடமும், "கை நீட்டினா உன் பக்கம் நிக்க மாட்டேன்" என்று இன்றைக்கே சொல்லி வைப்போம். மருமகள் வந்த பிறகு சொல்வது லேட்.

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு:

1. நம் ஊரில் இரவு பதினோரு மணிக்கு ஒரு பெண் அடிபட்டு வெளியே ஓடி வந்தால், எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம்? பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

2. நம் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் தொலைபேசி எண் நம்மிடம் இருக்கிறதா? இல்லை என்றால் யார், என்றைக்குள் வாங்கி வருவது?

3. கடன் மனு வரும்போது, அது உறுப்பினரின் விருப்பமா, மிரட்டி வாங்கியதா என்று தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன ஏற்பாடு செய்யலாம்?

4. அவசர உதவிக்கென்று குழு நிதியில் எவ்வளவு ஒதுக்கலாம்?

பேசி முடித்த பின், "எங்கள் குழு உறுப்பினர் யாரும் வன்முறையைத் தனியாக எதிர்கொள்ள மாட்டார்" என்று ஒரு தீர்மானம் போடுங்கள். தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்திடுங்கள், கைரேகை வையுங்கள். அந்த நோட்டு வங்கிக்காரர் கண்ணில் படும், வீட்டு ஆண்கள் கண்ணிலும் படும். இந்தத் தீர்மானத்தை மட்டும் எல்லோரும் பார்க்கட்டும்.